சுருட்டிய பேப்பர்

எங்கள் வீட்டுக்கு மணி வந்து சேர்ந்தது ஒரு ஸ்கூல் பையில்.

டியூஷன் முடிந்து வந்தால் பையை சோபாவில் வீசுகிற என் மகள், அன்றைக்கு அதைப் பூப்போல இறக்கி வைத்தாள். எனக்கு அப்போதே சந்தேகம். ‘என்னம்மா?’ என்று கேட்பதற்குள் பை தும்மியது! ஜிப்பைத் திறந்தால், கணக்குப் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் இரண்டு கண்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே கிடந்ததாம். தாயைக் காணோமாம். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற நாட்டு நாய்க் குட்டி. ஏழு வாரம் இருக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

‘ஒரே ஒரு நாள்தான்’ என்றாள் என் மனைவி. இந்த ‘ஒரே ஒரு நாள்’ என்ன ஆகும் என்று நாய் வளர்க்கிற வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் பெயர் வைத்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் நாய்க்குப் பெயர் வைக்க யோசிக்கவா வேண்டும்? மணி!

வீட்டில் ஒருவர் மட்டும் குட்டியைத் தொடவில்லை. என் அப்பா. 82 வயது. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 34 வருடம் வாத்தியார் வேலை பார்த்து, ஹெட்மாஸ்டராக ரிட்டயர் ஆனவர். நாய்க்குப் பேர்போன சீமையில் பிறந்தவர் என்பதால் நாய் விஷயத்திலும் அவர் சொல்தான் கடைசி.

‘‘நாய் வளக்குறதுல தப்பில்லப்பா. ஆனா, ஆரம்பத்துலயே நாலு போடு போட்டு வெச்சிரணும். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? மாட்டுக்குச் சொன்னதுதான் நாய்க்கும். மனுஷனுக்கும் அதான்.’’

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

முதல் பிரச்னை, எல்லோருக்கும் வருகிற பிரச்னைதான். நடு ஹாலில் மூத்திரம்!

எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. தினசரிப் பேப்பரைச் சுருட்டினேன். குட்டியின் மூக்கை ஈரத்தின் பக்கம் கொண்டுபோய்க் காட்டி, முதுகில் ‘பட்’டென்று ஒரு தட்டு. வலிக்கிற அடி இல்லை, சத்தம்தான் பெரிசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு பத்து நாள்.

பலன் இருந்தது. ஹாலில் மூத்திரம் போவது நின்றுவிட்டது. எனக்குப் பெருமை. அப்பாவுக்கு அதைவிடப் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்திப் பெருக்கும்போதுதான் என் மனைவி கண்டுபிடித்தாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு மறைவில்... மணி எங்கேயும் நிறுத்தியிருக்கவில்லை. எங்கள் கண்ணெதிரே நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பேப்பரைக் கையில் எடுப்பேன். படிக்கத்தான். உடனே மணி உடம்பைக் குறுக்கி, வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகி, மல்லாந்து படுத்து, படுத்தபடியே மூத்திரம் விட்டுவிடும். எதை நிறுத்தப் பேப்பரைச் சுருட்டினேனோ, அதையே இப்போது பேப்பர் வரவழைத்தது!

‘‘பாத்தியா... பயம் இருக்கு. இனிமே திருந்திரும்’’ என்றார் அப்பா.

எனக்கு அந்தக் குறுகலை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

*

தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் போனபோது விஷயத்தைச் சொன்னேன். என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் அதிகம் இருக்கும் அந்த டாக்டருக்கு. சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

‘‘சார், அது தப்புன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?’’

‘‘தெரியாம என்ன டாக்டர்? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே! தப்புப் பண்ணிட்டோம்னு அப்படியே குற்ற உணர்ச்சியோட பார்க்குது.’’

‘‘அது குற்ற உணர்ச்சி இல்ல சார். உங்களைப் பார்த்துப் பயம்.’’

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது வெறும் அபிப்பிராயம் இல்லை. நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டிருக்கிறார். 14 வீட்டு நாய்கள். எஜமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, ‘தொடக் கூடாது’ என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவருக்குச் சொல்வார்கள். சில சமயம் உண்மை. சில சமயம் பொய். ‘தின்றுவிட்டது’ என்று கேட்டால் எஜமானர் திட்ட வேண்டும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அந்தக் ‘குற்றவாளி முகம்’ எப்போது வந்தது தெரியுமா? நாய் தின்றிருந்தபோது அல்ல, எஜமானர் திட்டியபோது. தின்னாமலேயே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது!

நாம் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, ‘நடுங்குகிறான், ஆகவே குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். அவன் நடுங்குவது நம்மைப் பார்த்து.

*

அடித்துத்தான் பழக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பழமொழியோடு நின்றுவிடவில்லை. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கோன்ராட் மோஸ்ட் 1910-ல் எழுதிய கையேடுதான் ரொம்ப காலத்துக்கு நாய்ப் பயிற்சியின் வேதம். கழுத்தில் முள்பட்டை, கையில் சவுக்கு. மனிதன் மேலே, நாய் கீழே.

அதற்கு விஞ்ஞானச் சாயம் பூசியது ஓநாய். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர், ஸ்விட்சர்லாந்தின் பாஸல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஓநாய்க் கூட்டத்தில் ஓயாமல் அதிகாரப் போட்டி, ஜெயிப்பதுதான் தலைவன் என்று அதிலிருந்து ஒரு கதை கிளம்பியது. நாயும் ஓநாய் வம்சம்தானே, வீட்டில் நீ தலைவனாக இல்லாவிட்டால் நாய் தலைவனாகிவிடும் என்று அந்தக் கதையை நீட்டினார்கள். டேவிட் மெக் என்ற அமெரிக்க நிபுணர் 1970-ல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இதை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக், கனடாவின் வட கோடியில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் நேரில் பார்த்துவிட்டு, 1999-ல் என்ன எழுதினார்? காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமை என்று நாம் நினைத்தது பெற்றோரின் பொறுப்பு! தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார். தான் எழுதியதைத் தப்பு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எத்தனை பேருக்கு அது வருகிறது!

மறுபக்கம் இன்னொரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. 1898-ல் எட்வர்ட் தார்ன்டைக், பூனைகளைக் கூண்டில் வைத்து, தாழ்ப்பாளைத் திறக்க அவை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்தார். எந்தச் செயலுக்குப் பின்னால் திருப்தி கிடைக்கிறதோ, அந்தச் செயல் திரும்பத் திரும்ப வரும். இவ்வளவுதான் விஷயம். இதை பி.எஃப்.ஸ்கின்னர் பெரிய சாஸ்திரமாக வளர்த்தார். தண்டனை ஒரு செயலை அப்போதைக்கு அமுக்கி வைக்குமே தவிர, வேறு எதையும் கற்றுக்கொடுக்காது என்பது அவர் கட்சி. கட்டிலுக்கு அடியில் பார்த்த எனக்கு இது சுலபமாகப் புரிந்தது.

கேரன் ப்ரையர் என்ற பெண்மணி ஹவாய் தீவில் டால்பின்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, சவுக்கால் அடிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் அது பாட்டுக்கு நீந்திப் போய்விடும். ஆகவே ஒரே வழிதான் மிச்சம். அது சரியாகச் செய்கிற நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன். இதையே நாய்க்கும், ஏன், மனிதர்களுக்கும் செய்யலாமே என்று 1984-ல் புத்தகம் எழுதினார். தலைப்பு, ‘நாயைச் சுடாதே!’ விசிலுக்குப் பதிலாக இப்போது ‘க்ளிக்கர்’ என்று ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் அமுக்கினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுமே தகரத் தவளை, கிட்டத்தட்ட அதுதான்.

*

டாக்டர் சொன்ன வைத்தியம் ரொம்ப சாதாரணமானது.

‘‘குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் வெளியே தூக்கிட்டுப் போங்க. எத்தனை மாசக் குட்டியோ, அதோட ஒண்ணைக் கூட்டிக்குங்க. அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். வெளியே போய் முடிச்ச அடுத்த நொடி, ‘சபாஷ்’ சொல்லி ஒரு துண்டு குடுங்க. வீட்டுக்குள்ள வந்து குடுத்தா, எதுக்குக் குடுத்தீங்கன்னு அதுக்குத் தெரியாது. உள்ளே தப்பா போயிட்டா பேசாம துடைச்சிடுங்க. உங்க மேலதான் தப்பு, நீங்க நேரத்துக்குத் தூக்கிட்டுப் போகல.’’

துண்டு என்றால் சர்க்கரை பிஸ்கட் இல்லை. உப்பில்லாமல் வேகவைத்த சிக்கன், விரல் நகம் அளவு. இல்லாவிட்டால் கேரட். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம்.

பிறகு, கடி. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயதில் குட்டி எதையும் கடிக்கும். கையைக் கடித்தால் விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். எழுந்து போய்விட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கடிப்பதற்கென்றே ஒரு ரப்பர் பொம்மையைக் கொடுக்க வேண்டும். ‘உட்கார்’ கற்றுக்கொடுப்பதும் அடி, அமுக்கு எதுவும் இல்லாமல்தான். மூக்குக்கு நேரே சிக்கன் துண்டைப் பிடித்து, தலைக்கு மேலே பின்பக்கமாக மெல்ல நகர்த்தினால், மூக்கு மேலே போகப் போக, பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். உட்கார்ந்த கணத்தில், ‘சபாஷ்!’

மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டியின் மனசு திறந்த கதவு என்றும் சொன்னார். அப்போது எதை நல்லவிதமாகப் பழகுகிறதோ, அதைப் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பயப்படாது. குக்கர் விசில், குடை, ஹெல்மெட் போட்ட கூரியர் பையன், ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி ஒரு துண்டு. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அந்தக் கதவு திறந்திருந்த நாட்களில் பத்து நாளை நான் சுருட்டிய பேப்பருக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் மணி, வாசல் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. ‘தூக்கிட்டுப் போங்க’ என்று அதன் மொழியில் அர்த்தம்.

*

அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

‘‘இது லஞ்சம்டா! துண்டு குடுத்தாத்தான் உக்காருவேன்னா அது என்ன ஒழுக்கம்? நாளைக்குத் துண்டு இல்லைன்னா? அடிக்குப் பயந்தாவது ஒழுங்கா இருந்துச்சு. இது காசுக்கு ஒழுங்கா இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?’’

வாத்தியார் கேட்ட கேள்வி. இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தண்டனைக்குப் பயந்து நல்லவனாக இருப்பவனும் நல்லவன் இல்லை, பரிசுக்கு ஆசைப்பட்டு நல்லவனாக இருப்பவனும் நல்லவன் இல்லை என்றுதானே தத்துவம் படித்தவர்களும் சொல்கிறார்கள்? நரகத்துக்குப் பயந்தோ, சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டோ செய்கிற புண்ணியம் புண்ணியமா?

நான் யோசித்துப் பார்த்தவரை பதில் இது. லஞ்சம் காரியத்துக்கு முன்னால் காட்டப்படுவது. ‘இதைத் தருகிறேன், அதைச் செய்’ என்பது பேரம். வெகுமதி காரியத்துக்குப் பின்னால் வருவது. ‘நீ செய்தது எனக்குப் பிடித்தது’ என்று சொல்ல, நாய்க்குப் புரிகிற மொழியில் வேறு வார்த்தை இல்லாததால் ஒரு சிக்கன் துண்டு. பழகிய பிறகு துண்டைக் குறைத்துக்கொண்டே வரலாம். நாலு தடவைக்கு ஒரு தடவை, அப்புறம் பத்துக்கு ஒரு தடவை. வெறும் ‘சபாஷ்’, வெறும் தலைதடவல் போதும். மணிக்கு இப்போது துண்டு கிடைப்பது எப்போதாவதுதான். ஆனாலும் உட்காருகிறது.

2,300 வருடங்களுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் இதை வேறு விதமாகப் பார்த்தார். நல்லவனாகப் பிறந்துவிட்டு நல்லது செய்ய ஆரம்பிப்பதில்லை. நல்லது செய்து செய்துதான் நல்லவனாகிறோம் என்றார். சரியானவற்றில் சந்தோஷப்படவும், தப்பானவற்றில் வருத்தப்படவும் சின்ன வயதிலேயே பழக்குவதுதான் கல்வி என்பது அவர் எண்ணம். இதைப் படித்தபோது அப்பாவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. நல்ல காரியத்தோடு சந்தோஷத்தை முடிச்சுப் போட்டால், ஒரு நாள் அந்தக் காரியமே சந்தோஷமாகலாம். அடியில் அந்த வாய்ப்பே இல்லை. அடி எதனோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது? அடிக்கிற கையோடு. மணிக்கு ஹாலைப் பற்றி எந்த அபிப்பிராயமும் உண்டாகவில்லை; என்னைப் பற்றித்தான் உண்டாயிற்று.

பயத்தில் வருகிற ஒழுக்கத்துக்கு எப்போதும் ஒரு காவல்காரன் தேவை. சிக்னலில் போலீஸ்காரர் நின்றால் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறோம். அவர் டீ குடிக்கப் போனால் பறக்கிறோம். கேமரா இருக்கிறதா என்று பார்த்து ஹெல்மெட் போடுகிறோம். நாமும் கட்டிலுக்கு அடியில் தேடுகிற ஆசாமிகள்தானே?

*

பயத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது வேலை செய்துவிடுவது!

1967-ல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை பிரசித்தம். படிக்கவே மனசு கூசுகிற பரிசோதனை. சில நாய்களுக்கு, என்ன செய்தாலும் தப்பிக்க முடியாதபடி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அவற்றை, ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்கிற பெட்டியில் விட்டார்கள். மற்ற நாய்கள் தாண்டிக் குதித்தன. இந்த நாய்களில் பெரும்பாலானவை குதிக்கவில்லை. அப்படியே படுத்து வாங்கிக்கொண்டன. தூரத்திலிருந்து யாராவது பார்த்தால், ‘எவ்வளவு அடக்கமான நாய்!’ என்றுதான் சொல்வார்கள்.

அவர்கள் இருவருமே 2016-ல் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். துன்பம் நீண்டால் செயலற்றுப் போவது உயிரின் இயல்பாம். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. ‘நம்மால் ஏதாவது செய்ய முடியும்’ என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதாம்.

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வு இன்னும் நமக்குக் கிட்டத்தில் வருகிறது. திட்டி, இழுத்து, தண்டித்துப் பழக்கிய நாய்களின் எச்சிலில், பயிற்சிக்குப் பிறகு மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அதிகம் ஏறியிருந்தது. அது மட்டுமில்லை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்ததில் இருக்காது என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். வெகுமதியால் பழகிய நாய்கள் ‘இருக்கும்’ என்று ஓடின. அதிகம் தண்டனை பெற்ற நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை குறைந்துபோன நாய்கள் அவை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, ‘‘எங்கிட்ட அடி வாங்கினவன் எத்தனை பேர் கலெக்டர் ஆபீஸ்லயும் பேங்க்லயும் இருக்கான் தெரியுமா? ஆசிரியர் தினத்தன்னிக்கு போன் பண்றான். ‘ஐயா, நீங்க அடிச்சதாலதான் நான் ஆளானேன்’னு சொல்றான். அவன் என்ன பொய்யா சொல்றான்?’’ என்றார்.

பொய் சொல்லவில்லை. அவர்கள் அன்பு உண்மை. அப்பா ராத்திரி பன்னிரண்டு மணி வரை அரிக்கேன் விளக்கில் இலவசமாக டியூஷன் எடுத்தது எனக்குத் தெரியும். சாப்பிடாமல் வருகிற பையன்களுக்கு அம்மா கையால் சாதம் போட்டு அனுப்பியதும் தெரியும். அந்தப் பையன்களை ஆளாக்கியது பிரம்பா, சாதமா? போனில் நன்றி சொல்கிறவர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தவிர, போன் செய்கிறவர்கள் எல்லாம் ஆளானவர்கள். ஆளாகாதவர்கள் போன் செய்வதில்லை.

இதை அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, ஒரு ராத்திரி சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. படுக்கப் போகும்போது, விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் இருந்து குரல் வந்தது.

‘‘ஒரு பையன் இருந்தாம்ப்பா. கடைசி பெஞ்சு. வாய்ப்பாடு வரவே வராது. எட்டாம் வாய்ப்பாடு. ஒரு நாள் கை வீங்குற மாதிரி அடிச்சிட்டேன். மறுநாள் வரல. அப்புறம் வரவே இல்ல. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகல.’’

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அந்தக் காலத்து மனிதர். பிள்ளைகளை அடிப்பதும் மனசு நோகத் தண்டிப்பதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொன்னது 2009-ல்தான். அவர் ரிட்டயர் ஆகிப் பல வருடம் கழித்து.

மணியின் குறுகலை எங்கே பார்த்தேன் என்பதும் எனக்கு அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. வந்தது என்ன... எப்போதும் இருந்தது. அப்பா சட்டை மாட்டுகிற ஸ்டாண்டை நோக்கிக் கையைத் தூக்கினால், இந்த 53 வயதிலும் என் தோள் கொஞ்சம் உள்ளே போகும். நான் ஒழுங்கான பிள்ளை என்று ஊரில் பேர். அப்பாவிடம் பொய் சொன்னதில்லை என்றும் பேர். உண்மையில் நான் அவரிடம் எதையுமே சொன்னதில்லை.

*

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்பாகப் பழக்குகிறோம் என்று நாம் ரொம்பவும் மார்தட்டிக்கொள்ள முடியாது. மணிக்கு ‘உட்கார்’ என்பதில் ஒரு லாபமும் இல்லை. விருந்தாளி மேல் பாயாமல் இருப்பது நமக்கு வசதி. ‘நல்ல நாய்’ என்றால் யாருக்கு நல்லது? சிக்கன் துண்டும் ஒரு கயிறுதான், கொஞ்சம் மிருதுவான கயிறு. நம் கையில் பிடி இருக்கிறது என்பதை மறக்காமல் இருப்பதே பெரிய விஷயம். எப்போதாவது கிடைக்கிற பரிசு எப்படி நாயைக் காத்திருக்க வைக்கிறதோ, அதே வித்தையில்தான் லாட்டரி சீட்டும் செல்போனும் நம்மைக் காத்திருக்க வைக்கின்றன. பரிசிலும் சூழ்ச்சி உண்டு.

அடிக்காமல் வளர்ப்பது என்றால் அவிழ்த்துவிடுவது என்றும் அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் செருப்பெல்லாம் இப்போது அலமாரிக்குள். சமையலறை வாசலில் ஒரு தடுப்புப் பலகை. ரோட்டில் பைக் வந்தால் கயிற்றைச் சுண்டித்தான் இழுக்கிறேன். அப்போது தத்துவம் பேச நேரமில்லை. ‘கூடாது’ என்று சொல்லாமல் யாரையும் வளர்க்க முடியாது. அந்தக் ‘கூடாது’க்குப் பிறகு, ‘இதைச் செய்யலாம், வா’ என்று ஒரு வழியையும் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

மகாபாரதத்தின் கடைசியில் தர்மபுத்திரர் கூடவே ஒரு நாய் மலையேறுகிறது. சொர்க்கத்தின் ரதம் வந்து நிற்கிறது. நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான் இந்திரன். மாட்டேன் என்கிறார் தர்மர். அந்த இடத்தில் நாய்க்குப் பரீட்சை இல்லை. அது எத்தனை ஒழுங்கு, சொன்ன பேச்சுக் கேட்குமா என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சை, கூட வந்த மனிதனுக்கு. தன்னையே நம்பி வந்த, தன்னைவிட எளிய ஓர் உயிரை அவன் என்ன செய்கிறான்? குட்டியோ குழந்தையோ, நாம் அவற்றை வளர்க்கிற வருடங்கள் முழுக்க நமக்கு நடப்பதும் இந்தப் பரீட்சைதான்.

*

மணிக்கு இப்போது எட்டு மாதம். மடிந்திருந்த காதும் நிமிர்ந்துவிட்டது. கூப்பிட்டால் வருகிறது. விருந்தாளி வந்தால் உட்காருகிறது. சில பேருக்கு உட்காருவதில்லை, அது அதன் இஷ்டம். குக்கர் விசிலுக்குப் பயமில்லை. தீபாவளிக்கு மட்டும் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது, நாங்களும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டோம்.

ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை. யாராவது பேப்பரை மடித்துக் கையில் பிடித்தால், அரை நொடி, அந்தக் குறுகல். பத்து நாளில் நான் எழுதியது எட்டு மாதமாகியும் அழியவில்லை.

போன வாரம் ஒரு காலை. காபி டம்ளரோடு வந்தேன். அப்பா வழக்கமாக நாற்காலியில் சாய்ந்து, பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துத்தான் படிப்பார். அறுபது வருடப் பழக்கம். அன்றைக்கு டைனிங் டேபிளில் பேப்பரை முழுசாக விரித்துப் போட்டு, அதன் மேல் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரமப்பட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

‘‘என்னப்பா, இப்படிக் குனிஞ்சு படிச்சா முதுகு வலிக்காதா?’’

அப்பா நிமிரவில்லை. டேபிளுக்கு அடியில் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த மணியை விரலால் காட்டினார்.

‘‘மடிச்சா முழிச்சிக்குதுடா’’ என்றார்.